சணப்பா, தக்கைப்பூண்டா? நடவுக்கு முன் எதை விதைப்பது

ஹெம்ப் பயிரிடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். துணி, கயிறு, எண்ணெய், காகிதம் எல்லாம் ஒரே செடியில் கிடைக்கும் என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் நார் ரகம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, நாருக்கும் விதைக்கும் என்று அரசு தனியாக அனுமதித்தால்தான் அதை விதைக்க முடியும். உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுத்தது. அங்கேயும் போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே உரிமம் இல்லாமல் விதைத்தால் வழக்குதான்.

நமக்குச் சணப்பு இருக்கிறது. சன் ஹெம்ப் என்று பெயரில் மட்டும்தான் ஹெம்ப். இது அவரை, துவரை குடும்பம், கிலுகிலுப்பைக்குப் பங்காளி. சாக்கு தைக்கும் சணலும் வேறு செடி. ஹெம்ப் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்து வளரும். சணப்பு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். அதே வேலையைத் தக்கைப்பூண்டும் செய்கிறது. இரண்டையும் நடவுக்கு முன் விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுது தழை உரமாக்குகிறோம். அதனால் நம் வயலில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

எடையை மட்டும் பார்த்தால் தக்கைப்பூண்டு ஜெயிக்கும். நன்றாக வந்தால் ஏக்கருக்குப் பத்து டன் வரை பசுந்தழை. சணப்பு ஐந்தாறு டன். விதை தக்கைப்பூண்டுக்கு 20 கிலோ, சணப்புக்கு 10 முதல் 15 கிலோ போதும். ஆனால் எடையை வைத்து முடிவு செய்வது தப்பு. முதலில் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் வயலில் சணப்பு மஞ்சளடித்துச் செத்துவிடும். தக்கைப்பூண்டு முழங்கால் தண்ணீரிலும் நிற்கும், களர், உவர் மண்ணையும் தாங்கும். டெல்டாவில் அதையே விதைக்கச் சொல்வேன், இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

மேட்டு நிலம், வடிகால் உள்ள செம்மண், தோட்டக்கால் என்றால் என் கை சணப்புப் பக்கம்தான் போகும். குறைந்த ஈரத்தில் மளமளவென்று எழுந்து களையை அமுக்கிவிடும். வேரைக் கெடுக்கும் வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைப்பதால் தக்காளி, கத்தரி வைக்கும் மண்ணுக்கு நல்லது. இளம் தழையை மாட்டுக்கும் போடலாம். ஒரு பாத்தியை மூன்று மாதம் விட்டு அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் வீட்டுக்கு வேண்டிய கயிறும் ஆச்சு. தக்கைப்பூண்டில் தழை உரத்தைத் தாண்டி இவ்வளவு இல்லை.

அந்த நாரே ஒரு தொல்லையும் கூட. பூத்து முற்றிய சணப்பில் ரோட்டவேட்டரை (சுழலும் கத்தியால் உழும் கருவியை) விட்டால் நார் அதன் சுழல் தண்டில் சுற்றிக்கொண்டு கத்தியே தெரியாது. வண்டியை நிறுத்தி, குனிந்து உட்கார்ந்து, அரிவாளால் அறுத்து அறுத்து எடுக்க வேண்டும். நான் ஒரு மாலை முழுக்க அப்படி உட்கார்ந்திருக்கிறேன். தக்கைப்பூண்டின் தண்டு பேருக்கு ஏற்ற தக்கை, அவ்வளவு சுற்றாது. இரண்டிலும் 45 நாளில், பூ எடுக்கத் தொடங்கும்போதே மடக்கி உழுதுவிடுங்கள். முற்றிய தண்டு மட்க நாளாகும். மட்கும் வரை மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், நடவு வெளிறி நிற்கும்.

உழுவதற்கு முன் ஒரு செடியை மண்ணோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் உள்ள முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த முறை விதையோடு ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதையுங்கள்.

சணப்பு விதையை வெளியில் வாங்காமல் இருக்க, வரப்போரம் ஒரு மூலையை உழாமல் விட்டுவிடலாம். காய்ந்த நெற்றை ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் வரும், அப்போது அறுத்தால் போதும். அப்புறம் முக்கியமான ஒன்று: அந்த விதையில் கால்நடைக்கு ஆகாத நஞ்சு உண்டு. விதை தூற்றிய கழிவை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொட்டிவிடாதீர்கள்.