கிரேட் வுல்ஃபா, கலஹாரியா, கேமல்பேக்கா? முதலில் பிள்ளையின் உயரத்தை அளந்துவிடுங்கள்

டிசம்பர் வந்தால் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரே கேள்விதான் சுற்றும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகனோ போகலாம் என்று இருக்கிறோம், அங்கே கூரைக்குள் வாட்டர் பார்க் வைத்திருக்கிற விடுதிகளில் கிரேட் வுல்ஃப் லாட்ஜா, கலஹாரியா, கேமல்பேக்கா, எது பெரியது? நான் மூன்றிலும் தங்கியிருக்கிறேன், ஒன்றில் இரண்டு முறை. என்னைக் கேட்டால் 'எது பெரியது' என்பது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. உங்கள் வீட்டுச் சின்னது எத்தனை அங்குலம் என்பதுதான் முதல் கேள்வி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த இடங்களில் நீங்கள் கொடுக்கிற காசில் எவ்வளவு உங்கள் பிள்ளைக்குப் பயன்படும் என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன, 42, 48. காற்றடைத்த டியூபில் உட்கார்ந்து போகிற நீர்ச்சறுக்குகள் பலவற்றுக்கு 42 அங்குலம், உயரமான, வேகமான சறுக்குகளுக்கு 48 அங்குலம் என்பதுதான் பொதுவான கணக்கு. ஓரிரு சறுக்குகளில் எடை வரம்பும் உண்டு. ஆளுக்கு ஆள் தளர்த்த மாட்டார்கள், தளர்த்தவும் கூடாது.

போன குளிர்காலத்தில் பெரியவள் 48 என்று நம்பிக்கொண்டு ஒரு சறுக்கின் படிக்கட்டில் அரை மணி நேரம் நின்றோம். உச்சிக்குப் போனதும் அந்த லைஃப்கார்ட் பெண் சுவரில் இருந்த கோட்டுக்கு நேரே நிற்கச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீட்டில் நான் அளந்தது ஷூவோடு. வெறுங்காலில் அரை அங்குலம் குறைந்தது. மகள் குதிகாலை மெல்லத் தூக்கினாள். அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தாள், ஆனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். ஏறி வருகிற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு அந்த ஈரப் படிகளில் இறங்கி வந்தோமே, ஏழு வயதில் அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. நடந்த இடம் எது என்பது இங்கே முக்கியமில்லை, தப்பு என்னுடையது.

சரி, இடங்களுக்கு வருவோம். மூன்றும் பென்சில்வேனியாவின் போகனோ மலைப்பகுதியில் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. கிரேட் வுல்ஃப் ஸ்காட்ரனில், கேமல்பேக் டேனர்ஸ்வில்லில், கலஹாரி போகனோ மேனரில். நியூ ஜெர்சியிலிருந்து போனால் ஐ-80 நெடுஞ்சாலையைப் பிடித்து நேராகப் போகவேண்டியதுதான், அதனால் தூரத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. மூன்றிலும் உள்ளே வெப்பநிலை 84 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அதாவது சுமார் 29 செல்சியஸ். மூன்றிலும் லைஃப் ஜாக்கெட் இலவசம், துண்டும் கொடுப்பார்கள். தங்குபவர்களுக்கு அறை வாடகையிலேயே வாட்டர் பார்க் அடங்கும். வித்தியாசமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கிரேட் வுல்ஃப் இங்கே 2005இல் வந்தது, மூன்றில் மூத்தது. கலஹாரி 2015இல் திறந்தது, 2017இல் விரிவாக்கி உள்ளரங்கத்தை மட்டும் சுமார் 2,20,000 சதுர அடி ஆக்கினார்கள். கேமல்பேக்கின் வாட்டர் பார்க்கான அக்வாடோபியாவும் 2015தான், 1,25,000 சதுர அடி. கிரேட் வுல்ஃப் ஆரம்பத்தில் 80,000 சதுர அடியை ஒட்டி இருந்தது, 2024இல் அறைகளையும் பார்க்கையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள், ஆனாலும் கலஹாரியைத் தொடவில்லை. இதில் ஒரு வேடிக்கை, கிரேட் வுல்ஃபும் கலஹாரியும் ஒரே ஊரில் பிறந்த போட்டியாளர்கள். விஸ்கான்சின் டெல்ஸ் என்கிற அந்த ஊரில் கோடை சில மாதங்கள்தான், மிச்ச நாளெல்லாம் விடுதி காலி. அதனால் 1990களில் அங்கே குளத்துக்குக் கூரை போட ஆரம்பித்தார்கள். 1997இல் பிளாக் வுல்ஃப் லாட்ஜ் என்ற பெயரில் தொடங்கியதுதான் கைமாறி கிரேட் வுல்ஃப் ஆனது. கலஹாரி 2000இல் வந்தது. ஆக, குளிருக்குப் பயந்து பிறந்த தொழில் இது. பிப்ரவரியில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க உள்ளே அரைக்கால் சட்டையோடு நடக்கும்போதுதான் அது புரியும்.

சின்னப் பிள்ளை, அதாவது 42 அங்குலத்துக்குக் கீழே என்றால் நான் யோசிக்காமல் கிரேட் வுல்ஃப் என்பேன். நடுவில் ஃபோர்ட் மெக்கென்சி என்று நாலு மாடி உயரத்துக்கு ஒரு மரக்கோட்டை, ஏணி, வலைப்பாலம், குட்டிச் சறுக்குகள், பார்த்த இடத்திலெல்லாம் நீர் பீச்சும் குழாய்கள், உச்சியில் 1,000 கேலன், அதாவது கிட்டத்தட்ட 3,800 லிட்டர் பிடிக்கும் பிரம்மாண்டமான வாளி. அது நிறைந்து சாயப்போகிறது என்றால் மணி அடிக்கும். அந்த மணி கேட்டதும் பார்க்கின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வாண்டுகள் ஓடிவந்து கீழே அண்ணாந்து நிற்கும். தண்ணீர் மொத்தமாக விழும்போது பாதிப் பேர் கத்துவார்கள், மீதிப் பேர் அம்மாவைத் தேடுவார்கள். என் மகன் முதல் இரண்டு தடவை மணி அடித்தபோது என் காலைக் கட்டிக்கொண்டான், மூன்றாவது தடவை என்னை விட்டுவிட்டு ஓடினான், அதோடு மதியம் முழுக்க அந்த வாளியைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு இல்லை. இதற்கெல்லாம் உயரக் கணக்கே கிடையாது. இன்னொன்று, அரங்கம் ரொம்பப் பரந்து கிடக்காததால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி பிள்ளையைக் கண்ணில் வைத்திருக்கலாம். இரண்டு பிள்ளைகள், தண்ணீரில் இறங்கும் பெரியவர் ஒருவர்தான் என்றால் இது பெரிய விஷயம்.

தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் அங்கே சின்னதுகளுக்குத்தான் ராஜ்ஜியம். அறைக்குள்ளேயே குகை மாதிரி ஒரு தடுப்பு, அதில் அடுக்குக் கட்டில், இதை வுல்ஃப் டென் என்கிறார்கள். மகன் தூங்கியதே அந்தக் குகைக்காகத்தான். இரவில் லாபியில் கதை சொல்வார்கள், பிள்ளைகள் பைஜாமாவோடு தரையில் வந்து உட்கார்ந்துவிடும், அது இலவசம். இலவசம் இல்லாதது மேஜிக்வெஸ்ட் என்கிற விளையாட்டு. மந்திரக்கோலைக் காட்டினால் சுவரிலிருக்கும் பெட்டி திறக்கும், மரம் பேசும், படி ஏறி இறங்கித் தேடித் தேடி விளையாட வேண்டும். கோல் ஒரு விலை, விளையாட்டு இன்னொரு விலை, அப்புறம் கோலுக்கு மேல்மூடி, உறை என்று வரிசையாகக் காத்திருக்கும். ஒருமுறை வாங்கிய கோலை அடுத்த முறையும் பயன்படுத்தலாம், ஆகவே அதைப் பத்திரமாக வையுங்கள். எங்கள் வீட்டில் பரணில் தேடி எடுத்தபோது பேட்டரி கசிந்து கிடந்தது.

48 தாண்டிய பிள்ளைகள், அல்லது நீங்களே சறுக்குப் பைத்தியம் என்றால், கலஹாரி. அங்கே கிரேட் வுல்ஃபை ஒப்பிடவே கூடாது. நிற்கிற பலகை காலடியில் சட்டென்று திறந்து ஆளைக் கீழே தள்ளுகிற சறுக்கு இருக்கிறதே, அதில் நான் ஏறினேன், ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அலைச்சறுக்கு ஆடும் ஃப்ளோரைடர் இருக்கிறது, படுத்து ஆட 42 அங்குலம், நின்று ஆட 52. பனியில் திறந்தவெளிக்கே நீந்திப் போகிற வெந்நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது, தலைமுடி உறைந்து விறைக்கும், கழுத்துக்குக் கீழே சுடும். பெரியவர்களுக்கு அந்த ஒன்று போதும். ஆனால் அந்த அளவே தொல்லையும்கூட. ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டால் செல்பேசி பையில், சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. உள்ளே நுழைந்ததுமே ஒரு தூணைக் காட்டி, காணாமல் போனால் இங்கே வந்து நில் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அது மாநாட்டு விடுதியும்கூட, வாரநாளில் லிஃப்டில் கழுத்தில் அட்டை தொங்கும் ஆசாமிகள் நடுவே நீங்கள் சொட்டச் சொட்ட நிற்கவேண்டி வரும்.

42 எட்டாத குழந்தையைக் கலஹாரிக்குக் கூட்டிப்போகக் கூடாதா என்றால், போகலாம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய இடத்தில் ஏறமுடியாததுதான் அதிகம் கண்ணில் படும், அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டியிருப்பீர்கள்.

கேமல்பேக் வேறு ரகம். வாட்டர் பார்க்கைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு பனிச்சறுக்குக்குப் போகிறவர்களின் இடம் அது, விடுதியே மலையடிவாரத்தில் இருக்கிறது. காலையில் டியூபில் உட்கார்ந்து பனியில் சறுக்கு, மதியம் டியூபில் உட்கார்ந்து தண்ணீரில் சறுக்கு. பனிக்கு டிக்கெட் தனி. எனக்கு அங்கே பிடித்தது கூரை. ஈடிஎஃப்இ என்கிற ஒளி ஊடுருவும் படலத்தால் மூடியிருக்கிறார்கள், வெயில் நேராக உள்ளே இறங்கும், மத்த இரண்டில் சில மணி நேரத்தில் வருகிற அந்த 'கூடாரத்துக்குள் இருக்கிறோம்' என்ற சோர்வு இங்கே வராது. அந்தப் படலம் புற ஊதாக் கதிர்களையும் விட்டுவிடும், அதனால் நல்ல வெயில் நாளில் சன்ஸ்கிரீன் தடவாமல் விட்டால் ஜனவரியிலும் மூக்கு கருத்துப்போகும். பனியில் ஆர்வமில்லாத குடும்பத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் அம்மா தண்ணீரில் இறங்க மாட்டார். மூன்று இடத்திலும் அவருடைய அனுபவம் ஒன்றேதான், கதவைத் திறந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படரும், நாற்காலியில் உட்கார்ந்தபடி பத்து நிமிடம் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார், அப்புறம் கண் எரிகிறது என்பார். குளோரின் அதிகமாகக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த நெடி குளோரினுடையது கிடையாது, வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகிற குளோரமைன்களுடையது. மூடிய அரங்கில் தண்ணீரைச் சதா தெளித்துக்கொண்டே இருப்பதால் அவை காற்றில் கலந்து தங்கிவிடும், கண் எரிச்சல், இருமல் எல்லாம் அதனால்தான். கூட்டம் ஏற ஏறக் கூடும். ஆகவே ஆஸ்துமா இருக்கிற பிள்ளை என்றால் சனிக்கிழமை மாலையைத் தவிருங்கள், காலையில் திறந்த கையோடு போய்விடுங்கள். குளிக்காமல் தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபமே வருகிறது, ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் பெரும்பாலான அழுக்கு போய்விடும். வயிற்றுப்போக்கு இருக்கிற குழந்தையைத் தயவுசெய்து இறக்காதீர்கள், கிரிப்டோஸ்போரிடியம் என்கிற கிருமி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

காசு விஷயம். மூன்றிலும் விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் ஒன்றைவிட இன்னொன்று மலிவு என்று நான் சொன்னால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும். திரையில் முதலில் தெரியும் வாடகையை நம்பாதீர்கள், ரிசார்ட் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை மூன்றுக்கும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். ஒரு இரவு வாடகை என்பது இரண்டு நாள் விளையாட்டு என்பதை மறக்காதீர்கள். கிரேட் வுல்ஃபில் அறைச்சாவி மாலை நாலு மணிக்குத்தான், ஆனால் பார்க்குக்குள் மதியமே போய்விடலாம், மறுநாள் அறையைக் காலி செய்த பிறகும் மூடும்வரை இருக்கலாம். மற்ற இரண்டிலும் முன்பதிவின்போது இந்த நேரங்களைப் படித்துவிடுங்கள். நீச்சல் உடையைத் தனியாக ஒரு கைப்பையில் வைத்துக்கொண்டால்தான் இதனால் பலன், எல்லாம் காரில் பெரிய பெட்டிக்கடியில் இருந்தால் வாகன நிறுத்துமிடத்தில் பனியில் நின்று கிளற வேண்டியதுதான். நானே கிளறியிருக்கிறேன்.

எங்கள் கணக்குப்படி சிறந்தது ஞாயிற்றுக்கிழமை இரவு. வாரக்கடைசிக் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நுழைவீர்கள், திங்கள் காலை சறுக்குகளில் வரிசையே இருக்காது. பள்ளிக்கு ஒருநாள் விடுப்பு எடுக்கவேண்டும், அதைப் பற்றி என் மனைவிக்கு வேறு கருத்து உண்டு. மோசமானது நவம்பரில் நியூ ஜெர்சி ஆசிரியர்கள் மாநாடு நடக்கும் அந்த வியாழன், வெள்ளி. மாநிலம் முழுக்கப் பள்ளி விடுமுறை, பாதி மாநிலம் போகனோவில் இருக்கும், பதினோரு மணிக்குப் போனால் துண்டு போட ஒரு நாற்காலி கிடைக்காது. தங்காமல் பகல் டிக்கெட்டோடு போவதும் உண்டு, இரண்டு மணி நேரத் தூரத்தில் வீடு இருந்தால் அது மோசமில்லை, ஆனால் நாலு வயதுக்குக் கீழே என்றால் மதியத் தூக்கத்துக்கு ஓர் அறை இல்லாமல் சமாளிக்க முடியாது.

எங்களுக்கு இந்த வருடம்தான் சிக்கல். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு, இந்த முறை வெறுங்காலோடுதான் அளந்தேன். பெரியவள் 49, அவளுக்குக் கலஹாரி தவிர எதுவும் வேண்டாம். சின்னவன் 41 கால். பிப்ரவரி விடுமுறைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு போய் அந்தக் கோட்டில் முதுகைச் சாய்த்து நிற்கிறான்.