அடுத்தவர் ஷோவில் க்ரௌச்சோ மார்க்ஸ்: பல வருஷம் பார்த்தபின் எழுதுவது

க்ரௌச்சோ மார்க்ஸ் பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளுக்கு விருந்தாளியாக வந்த பதிவுகளை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பார்ப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். புதுசாகக் கண்டுபிடித்த ஜோரில் எழுதுகிற விமர்சனம் இல்லை இது. திரும்பத் திரும்பப் பார்த்ததில் சிலது சலித்துவிட்டது, சிலது இன்னும் சலிக்கவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய சொந்த ஷோவைவிட, அடுத்தவர் ஷோவில் அவர் வந்து உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. அதிலும் அவர் திணறுகிற இடங்கள்.

ஆளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1890ல் நியூயார்க்கில் பிறந்தவர், சேர்ந்து காமெடிப் படங்களில் நடித்த மார்க்ஸ் சகோதரர்களில் வாய் ஓயாதவர். படங்களில் நாம் பார்க்கிற அந்தக் கட்டை மீசை மையால் தீட்டியது. டிவிக்கு வந்தபோதுதான் நிஜ மீசை வளர்த்தார். அதனால் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு டிவி க்ரௌச்சோ முதல் பார்வையில் யாரோ ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரித் தெரிவார்.

அவருடைய சொந்த ஷோவின் பெயர் யூ பெட் யுவர் லைஃப். 1947ல் ரேடியோவில் தொடங்கி, 1950 முதல் 1961 வரை என்பிசி டிவியில் ஓடியது. பெயருக்குத்தான் வினாடி வினா. போட்டியாளர்கள் ஜோடியாக வந்து நிற்பார்கள், இவர் சுருட்டோடு உட்கார்ந்து அவர்களைக் கிண்டல் செய்வார். பேச்சுவாக்கில் ரகசிய வார்த்தையை யாராவது சொல்லிவிட்டால் மேலேயிருந்து மீசை வைத்த ஒரு பொம்மை வாத்து இறங்கும், 100 டாலர் பரிசு. எதுவுமே ஜெயிக்காதவர்களுக்கு, "கிராண்ட் சமாதியில் யார் புதைக்கப்பட்டிருக்கிறார்?" என்று ஒரு ஆறுதல் கேள்வி.

முதல் சில மாதம் இதைத்தான் விழுந்து விழுந்து பார்த்தேன். பிறகு விஷயம் தெரியவந்தது. போட்டியாளர்களை முன்கூட்டியே பேட்டி எடுத்து, எழுத்தாளர்கள் ஜோக் தயார் செய்து, அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரித் திரையில் காட்டுவார்கள். அந்த எழுத்தாளர்களுக்கு டைட்டிலில் எழுத்தாளர் என்று பெயர் போடமாட்டார்கள், எல்லாமே அந்த நிமிஷத்தில் தோன்றியது என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே! ஒளிபரப்பு நேரத்துக்கு மேலேயே படம் பிடித்துவைத்துக்கொண்டு, சப்பென்று போனதை வெட்டிவிட்டு அரை மணியாக்குவார்கள். இது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, நல்ல கைவேலை. ஆனால் ஒரு தடவை தெரிந்துவிட்டால், ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அவர் கண் எங்கே போகிறது என்று நம் கண்ணும் போய்விடுகிறது.

விருந்தாளியாகப் போகும் இடத்தில் இந்த வசதி ஒன்றும் கிடையாது. கத்தரிக்கோல் அவர் கையில் இல்லை. அதைப் பார்க்க நல்ல இடம் சிபிஎஸ்ஸில் வந்த வாட்ஸ் மை லைன்.

1950 முதல் 1967 வரை ஓடிய நிகழ்ச்சி, ஞாயிறு ராத்திரி பத்தரை மணிக்கு, பெரும்பாலும் நேரடி ஒளிபரப்பு. ஒரு ஆள் உள்ளே வந்து கரும்பலகையில் சாக்பீஸால் கையெழுத்துப் போடுவார். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை நான்கு பேர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கேள்விக்கு ஆமாம், இல்லை என்றுதான் பதில் வர வேண்டும். ஒரு "இல்லை"க்கு 5 டாலர், பத்து "இல்லை" சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது, மொத்தப் பரிசே 50 டாலர்தான். நடத்துனர் ஜான் டேலி செய்தித் துறைக்காரர். "ஆமாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு நீண்ட விளக்கம் கொடுத்துவிட்டு மேஜைமேல் இருக்கும் அட்டையைப் புரட்டுவார். ஆண்கள் போ டையில், பெண்கள் மாலை விருந்துக்குப் போகிற உடுப்பில். நால்வரில் ஒருவரான நடிகை ஆர்லீன் ஃபிரான்சிஸ் கழுத்தில் எப்போதும் அந்த இதய வடிவ வைரப் பதக்கம். கடைசியில் பிரபலம் ஒருவர் வரும்போது நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள், அவர் குரலை மாற்றிப் பேசுவார்.

இப்படி இஸ்திரி போட்ட ஒரு இடத்தில் 1959ல் க்ரௌச்சோ கேள்வி கேட்கும் நால்வரில் ஒருவராக வந்து உட்காருகிறார். சுருக்கமாகக் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும் என்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். இவர் கேள்வியை ஆரம்பித்துவிட்டுக் கதைக்குள் போய்விடுவார், தன் முறை இல்லாதபோதும் குறுக்கே பேசுவார். டேலி சிரித்துக்கொண்டேதான் ஓட்டுகிறார், ஆனால் நேரம் கையைவிட்டுப் போகிறது என்பது அவர் முகத்தில் தெரிகிறது. முதல் தடவை பார்த்தபோது ரசித்துச் சிரித்தேன். மூன்றாம் தடவை பக்கத்தில் இருக்கும் மற்ற மூவரைத்தான் பார்த்தேன். பென்னட் செர்ஃப் பதிப்பாளர், டோரதி கில்கேலன் பத்திரிகைக்காரர். இருவரும் விளையாட்டை நிஜமாகவே ஜெயிக்க வருகிறவர்கள். கில்கேலனுக்குத் தோற்கப் பிடிக்காது என்பதைப் பத்து எபிசோட் பார்த்தால் யாரும் சொல்லிவிடலாம்.

அதே நாற்காலியில் முன்பு இருந்தவர் ஃபிரெட் ஆலன். அவரும் ரேடியோ காலத்துக் காமெடியன், 1954லிருந்து நிரந்தர உறுப்பினர். கண்ணுக்குக் கீழே பை தொங்க, வறண்ட குரலில், விதிக்குள்ளேயே நின்று கேள்வி கேட்டு அதிலேயே ஜோக்கை வைத்துவிடுவார். 1956 மார்ச் 17ல் அவர் இறந்தார், மறுநாளே அந்த வார நிகழ்ச்சி. நிறுத்தாமல் நடத்தினார்கள். அவர் இடத்தில் ஸ்டீவ் ஆலன் உட்கார்ந்தார், கடைசியில் ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். விளையாட்டு நிகழ்ச்சிக்கு வரும் காமெடியன் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் ஃபிரெட் ஆலனைத்தான் சொல்வேன். க்ரௌச்சோ அந்த வேலைக்குத் தோதுப்பட்ட ஆள் கிடையாது. ஆனால் திரும்பப் போட்டுப் பார்ப்பது என்னவோ க்ரௌச்சோ வந்த எபிசோடைத்தான்.

இவையெல்லாம் மிஞ்சியதே பெரிய காரியம். அப்போது நேரடி ஒளிபரப்பைச் சேமிக்க வழக்கமான வழி கினஸ்கோப், அதாவது மானிட்டர் திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை நிறுத்தி அப்படியே படம் பிடிப்பது. படம் கொஞ்சம் மங்கலாக, ஓரங்களில் வளைந்துதான் இருக்கும். வாட்ஸ் மை லைன் கடைசி வருஷத்தில் கலரில் ஒளிபரப்பானது, நமக்குக் கிடைப்பது கறுப்பு வெள்ளை கினஸ்கோப்தான். 1962 அக்டோபர் 1 அன்று டுநைட் ஷோ என்ற ராத்திரிப் பேச்சு நிகழ்ச்சியின் நடத்துனராக ஜானி கார்சன் பொறுப்பேற்ற முதல் ராத்திரி, அவரை மேடைக்கு அறிமுகம் செய்தவர் க்ரௌச்சோ. அந்த வீடியோ கிடையாது, ஒலி மட்டும்தான் இருக்கிறது. டேப் விலை அதிகம் என்று பழைய டேப்பின்மேலேயே புதுசைப் பதிவு செய்துவிட்டார்கள், கார்சனின் முதல் பத்து வருஷத்தில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. ஒலியை மட்டும் கேட்பதும் நன்றாகத்தான் இருக்கிறது. முகம் தெரியாததால், அவர் எங்கே இடைவெளி விடுகிறார் என்பது காதில் நன்றாக விழுகிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த பதிவு, நண்பர்கள் யாருக்கும் பிடிக்காத பதிவு. 1967ல் வில்லியம் பக்லியின் ஃபயரிங் லைன். தலைப்பு, உலகம் வேடிக்கையானதா என்பது. பக்லி வலதுசாரி அறிவுஜீவி. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, யாருக்கும் தெரியாத சொற்களைப் போட்டு, எதிராளியை மெதுவாக மூலைக்குத் தள்ளுகிறவர். க்ரௌச்சோவுக்கு அப்போது 76 வயது. ஒரு மணி நேர விவாதம். க்ரௌச்சோ ஒரு ஜோக்கை விடுகிறார், பக்லி அதைக் கருத்தாக எடுத்துக்கொண்டு மறுகேள்வி போடுகிறார். ஜோக்கை வாதமாக மாற்றிவிட்டால் காமெடியனுக்குத் தரையே இல்லாமல் போகிறது. ஒரு கட்டத்தில் இவருக்கு எரிச்சல் வருகிறது, பதில்கள் சுருங்குகின்றன. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, வாழ்நாளெல்லாம் புத்தகமாகப் படித்துத் தள்ளிய மனிதர் அவர். படித்தவர் முன்னால் சளைக்கக் கூடாது என்ற வீம்பு அதில் தெரிகிறது. சிரிக்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அந்த மனிதரைப் பார்க்க உட்கார்ந்தால் இதைவிட நல்லது கிடையாது. ஹூவர் இன்ஸ்டிடியூஷன் யூட்யூபில் முழுசாகப் போட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிர் டிக் கேவெட் நடத்திய பேட்டி நிகழ்ச்சியான டிக் கேவெட் ஷோ. இவர்கள் பழக்கம் ஆரம்பித்ததே ஒரு சாவு வீட்டில். 1961ல் நாடகாசிரியர் ஜார்ஜ் காஃப்மனின் இறுதிச் சடங்குக்கு க்ரௌச்சோ வந்திருக்கிறார். டிவிக்கு ஜோக் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் கேவெட் வெளியே அவரைப் பிடித்து, "க்ரௌச்சோ, நான் உங்க பெரிய ஃபேன்" என்றாராம். "வெயில் இன்னும் ஏறினா எனக்கு ஒரு பெரிய ஃபேன் வேண்டியிருக்கும்" என்று பதில். கேவெட் இதைச் சொல்லாத பேட்டி இல்லை.

1969லும் 1971லும் க்ரௌச்சோ கேவெட் ஷோவில் வந்த பதிவுகள் இருக்கின்றன. வயது எண்பதைத் தொடுகிறது, குரல் தேய்ந்திருக்கிறது, பேச்சின் வேகம் பாதியாகிவிட்டது. ஆனால் கேவெட்டுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியும். கிழவர் ஒரு கதையைத் தொடங்கிவிட்டு நடுவில் நின்றால் அவசரப்பட்டு உள்ளே பாய்வதில்லை. அந்த மௌனம் நீளும்போது, மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே காக்க வைக்கிறாரா என்று நமக்கே சந்தேகம் வரும். பாதி நேரம் பதில் தெரியாமலே காட்சி முடிந்துவிடும். எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி பக்கத்தில் இருக்கும் எபிசோடில் அவரைப் பேசவிடாமல் இவர் செய்யும் சேட்டை தனி.

நீண்ட காலம் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு, ஜோக் ரிபீட் ஆகும். ஹேர் நாடகத்தில் நடிகர்கள் நிர்வாணமாக நிற்கிறார்கள், டிக்கெட் 11 டாலர் என்று கேள்விப்பட்டு, வீட்டுக் குளியலறையில் தானே துணியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று பார்த்து, இதற்கு 11 டாலர் தகாது என்று முடிவு செய்த கதை. 1972 கார்னகி ஹால் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியது. எனக்கு மனப்பாடம். ஆனாலும் அவர் எந்த வார்த்தையில் மூச்சு விடுகிறார் என்று கேட்கக் காத்திருப்பேன். சபாவில் அதே ராகத்தை மறுபடி கேட்கப் போகிற ரசிகனின் நிலைதான்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். இளம் பெண்கள் எதிரே நின்றால் அவர் பேசுகிற பேச்சு இன்றைக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிடலாம்தான், ஆனால் அந்தப் பெண் இறுக்கமாகச் சிரித்துக்கொண்டு நிற்பது திரையிலேயே தெரிகிறதே. என் பெண்ணோடு உட்கார்ந்து பார்க்கையில் சில எபிசோடுகளை நடுவில் நிறுத்தியிருக்கிறேன். 1973க்குப் பிறகு வந்த தோற்றங்களையும் நான் தொடுவதில்லை. உடம்பு முடியாத மனிதரைப் பிடித்து உட்கார வைத்து வேடிக்கை காட்டுகிற மாதிரி இருக்கும்.

யூட்யூபில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறைய குழந்தை பெற்று, புருஷனைப் பிடிக்கும் என்று காரணம் சொன்ன பெண்ணிடம், "எனக்கும் சுருட்டுப் பிடிக்கும், ஆனால் அவ்வப்போது வாயிலிருந்து எடுத்துவிடுவேன்" என்று அவர் சொன்னதாக ஒரு ஜோக் உலகம் பூராவும் ஓடுகிறது. வீடியோ இருக்கிறது என்று தலைப்புப் போட்டு ஏமாற்றுகிறவர்கள் ஏராளம். 1972ல் எஸ்குயர் பத்திரிகைக்காக ரோஜர் ஈபர்ட் எடுத்த பேட்டியில், அப்படி நான் சொன்னதே இல்லை என்று க்ரௌச்சோவே மறுத்திருக்கிறார். தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மற்றபடி நடைமுறை விஷயங்கள். ஹெட்போன் கட்டாயம், கினஸ்கோப் ஒலியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், இவரோ முணுமுணுக்கிற ஆள். தானியங்கி சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், சிலேடை வருகிற இடத்தில் சரியாகத் தப்பு விடும். செயற்கையாகக் கலர் ஏற்றிய பிரதிகள் வேண்டாம், எல்லார் முகமும் மஞ்சள் பூசினாற்போல் இருக்கிறது. பத்து நிமிஷத் துணுக்குகளும் வேண்டாம். ஜோக்குக்கு முன்னால் இருக்கும் சப்பென்ற ஐந்து நிமிஷத்தை வெட்டிவிட்டால், அவருடைய சொந்த ஷோவைப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

டிவிடி வாங்குகிறவர்கள் கவனிக்கவும். ஷவுட் ஃபேக்டரி வெளியிட்ட கேவெட் தொகுப்பு அமெரிக்க ரீஜன் 1. நம் ஊர் ரீஜன் 5 பிளேயரில் ஓடாது, ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் வேண்டும். படம் யூட்யூபைவிடத் தெளிவு, முழு எபிசோடாகவும் கிடைக்கும். ஆனால் முதல் தடவை பார்ப்பவர் அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். 1959 வாட்ஸ் மை லைனைப் பாருங்கள், அரை மணி நேரம்தான். அது பிடித்தால் கேவெட். ஃபயரிங் லைனுக்குக் கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.