டவர் ஆஃப் பவர், யோஷீஸ், ஓக்லண்ட்: ஐந்து பேர், ஒரே மூச்சு

டவர் ஆஃப் பவர் என்ற அமெரிக்க ஃபங்க் இசைக்குழு மறுபடி ஓக்லண்டின் யோஷீஸ் அரங்குக்கு வந்தால் டிக்கெட் வாங்கலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். வாங்குங்கள், மேடையை ஒட்டிய மேசையாகப் பார்த்து வாங்குங்கள் என்று லிஃப்டுக்குள் போகிற அவசரத்தில் சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை. 2019இல் நான் அவர்களை முதன்முதலாக நேரில் கேட்ட இரவைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயம். பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவன் நான். எங்கள் பேண்டு மாஸ்டருக்கு ஒரே கவலைதான். எல்லோரும் சேர்ந்து ஆரம்பித்துவிடுவோம், சேர்ந்து நிறுத்த மாட்டோம். ஒருவன் மூச்சு முடிந்து முன்னாலேயே விடுவான், இன்னொருவன் வால் மாதிரி இழுப்பான். நிறுத்துகிற இடத்தை மட்டும் மைதானத்தில் வெயிலில் நிற்க வைத்து மணிக்கணக்காகப் பழக்குவார். அந்தக் காது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊதுகிற குழு எதைக் கேட்டாலும், ஒலியை எங்கே வெட்டி நிறுத்துகிறார்கள் என்றுதான் முதலில் கவனிப்பேன்.

கலிஃபோர்னியாவில், ஓக்லண்டுக்குத் தெற்கே பிரீமாண்டில் குடியிருக்கிறேன். டவர் ஆஃப் பவரைத் தொடங்கிய எமிலியோ காஸ்டிலோ வளர்ந்ததும் இதே பிரீமாண்டில்தான். இங்கே இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம், எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தாழ்ந்த குரலுள்ள பாரிடோன் சாக்ஸஃபோனின் கலைஞர் ஸ்டீஃபன் குப்காவை, எல்லோரும் டாக் என்று கூப்பிடுவார்கள், 1968இல் சேர்த்துக்கொண்டார்கள். அவன் வாசிப்பில் என்னவோ இருக்கிறது, விட்டுவிடாதே என்று காஸ்டிலோவின் அப்பாதான் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். அந்த அப்பாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 1970இல் முதல் ஆல்பம். அப்புறம் எல்டன் ஜான், லிட்டில் ஃபீட் என்று எத்தனையோ பேருடைய பதிவுகளில் இவர்களுடைய ஊதுவாத்தியப் பிரிவு தனியாகப் போய் வாசித்திருக்கிறது. ஃபங்க் என்ற, தாளம் முன்னே நிற்கும் இந்த ஆட்ட இசையைக் கேட்டே இராதவர்கள்கூட இவர்களை எங்கேயோ கேட்டிருப்பார்கள்.

பிரீமாண்டிலிருந்து பார்ட் ரயிலில் லேக் மெரிட் நிலையம், அங்கிருந்து ஜாக் லண்டன் சதுக்கத்துக்கு நடை. கால் மணி நேரம் பிடிக்கும். யோஷீஸ் எழுபதுகளில் பெர்க்லியில் சின்ன சூஷிக் கடையாகத் தொடங்கியது. இப்போது ஒரு பக்கம் ஜப்பானிய உணவகம், மறுபக்கம் சுமார் 300 பேர் உட்காரும் அரங்கு. சாப்பாடு நன்றாகவே இருந்தது, ஆனால் அன்று என் மனசு தட்டில் இல்லை. என் மேசைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம்தான் இருந்தது. ட்ரம்பெட் வால்வில் எண்ணெய் விடுவது வரைக்கும் தெரிந்தது.

ஊதுகிறவர்கள் ஐந்து பேர் வரிசையாக வந்து நின்றார்கள். இரண்டு ட்ரம்பெட், இரண்டு டெனர் சாக்ஸ், ஓரத்தில் தொப்பியும் தாடியுமாக டாக் குப்கா. முதல் பாட்டில் முதல் வீச்சு. ஐந்து பேரும் ஊதினார்கள், ஐந்து பேரும் நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்தில் அரங்கில் ஒரு துளி ஒலி மிச்சமில்லை. கத்தியால் வெட்டின வாழைத்தண்டு மாதிரி சுத்தமாக இருந்தது. நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். எத்தனையோ வருடம் எங்கள் மாஸ்டர் கேட்டது இதைத்தான். ஐம்பது வருடமாக ஒரு குழு அதை ராத்திரிக்கு ராத்திரி செய்துகொண்டிருக்கிறது.

1973இல் வந்த ‘வாட் இஸ் ஹிப்?’ பாட்டைப் பதிவில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பேஸ் கிதார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடிக்கு நான்கு தட்டாக ஓடிக்கொண்டே இருக்கும். பதிவில் அது கடிகாரம் போலக் கேட்கும். நேரில் அது வயிற்றில் விழுகிறது. இந்த வாசிப்பை உருவாக்கியவர் ரோக்கோ பிரெஸ்டியா. இடது கை விரல்களால் தந்தியைப் பாதி அமுக்கி, சுரம் நீளாமல் ‘டப் டப்’ என்று தட்டாக மட்டும் வரும்படி செய்வார். உடல்நிலை காரணமாக அப்போது அவர் மேடைக்கு வருவதில்லை. 2020 செப்டம்பரில் காலமாகிவிட்டார். அவரை நேரில் கேட்கவில்லையே என்ற குறை எனக்குத் தீராது.

அன்று பேஸ் வாசித்தவர் மார்க் வான் வாகனிங்கன். டிரம்ஸில் டேவிட் காரிபால்டி. இந்த இருவரைப் பற்றித்தான் நண்பரிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். 2017 ஜனவரியில், இதே யோஷீஸில் வாசிப்பதற்காக நடந்து வந்தபோது, இருவரையும் ரயில் மோதியது. ஜாக் லண்டன் சதுக்கத்தில் தண்டவாளம் தெருவோடு தெருவாகப் போகிறது. பிழைத்ததே பெரிது. அந்த இருவரும் திரும்பி வந்து, அதே அரங்கின் மேடையில், அருகருகே இருந்து வாசித்தார்கள். பாட்டுக்கு நடுவில் காரிபால்டி தலையைத் திருப்பி மார்க்கைப் பார்த்தார். மார்க் புருவத்தை ஒரு நூல் உயர்த்தினார். அடுத்த அடியை இருவரும் ஒரே நொடியில் போட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

காரிபால்டியின் கையை அரை மணி நேரமாவது வேறெதையும் பார்க்காமல் பார்த்தேன். அவர் ஓங்கி அடிப்பதே குறைவு. பெரிய அடி ஒன்று விழுந்தால், அதைச் சுற்றி ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் தோலில் குச்சி தானாகத் துள்ளுவது போல ஐந்தாறு சின்ன தட்டுகள். தூரத்தில் இருப்பவருக்கு அவை காதில் விழாது, ஆனால் காலை ஆட வைப்பது அவைதான். பக்கத்தில் உட்காருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாக் குப்காவிடம் வருகிறேன். மற்ற நால்வரும் சேர்ந்து ஒரு வாக்கியம் சொன்னால், அது முடிகிற இடத்தில் பாரிடோன் சாக்ஸ் அடித்தொண்டையில் ஒரு சொல் சொல்லும். ஒரே ஒரு சுரம், அதுவும் தாளத்தின் மேல் விழாமல் சற்றுத் தள்ளி. தரை அதிர்வது செருப்பு வழியாகத் தெரிந்தது. பழைய பதிவுகளில் இந்த ஒலி பாதிதான் கிடைக்கிறது. ஐந்து பேர் தள்ளுகிற காற்று எந்த ஸ்பீக்கரிலும் வராது.

முன்வரிசையில் வேறொரு மேசையில் ஒருவர் இரண்டு பாட்டு முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் இருந்தவர்களை மறைத்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நல்லவேளை, ‘யூ ஆர் ஸ்டில் எ யங் மேன்’ தொடங்குவதற்குள் கீழே வைத்துவிட்டார். காஸ்டிலோவும் குப்காவும் சேர்ந்து எழுதிய முதல் பாட்டு அது, 1972 ஆல்பத்தில் வந்தது. தன்னைவிட மூத்த பெண்ணைக் காதலித்த இளைஞனின் கெஞ்சல். ட்ரம்பெட்டுகள்தான் அதைத் திறந்துவைக்கும், உயரத்தில். நேரம் ஆன பிறகு, உதடு களைத்த பிறகு, அந்த உயரத்துக்குப் போவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். வாசிப்பவரின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் ஒலியில் ஒரு சிரமமும் இல்லை. மேசைக்கு அடியில் என் வலது கையின் மூன்று விரல்கள் தாமாக வால்வுகளை அமுக்கிக்கொண்டிருந்தன. ட்ரம்பெட்டைத் தொட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

பிறகு எல்லோரும் எழுந்து ஆடினோம். பக்கத்து மேசையில் வெள்ளை முடியோடு இருந்த அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஆடப் போனார். பாட்டு முடிந்து வந்து வாங்கிக்கொண்டார். 1970களிலிருந்து இவர்களைக் கேட்கிறாராம்.

வெளியே வந்தபோது சரக்கு ரயில் ஒன்று தெருவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கச்சேரி கேட்டு வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் தண்டவாளத்தை விட்டு நன்றாகத் தள்ளி நின்றோம். யாரும் அவசரப்படவில்லை. ஒருவர் வாயாலேயே பாரிடோன் சாக்ஸ் பகுதியைப் பாடினார். கடைசிப் பெட்டி போகும்வரை நாங்கள் ட்ரம்பெட் பகுதியைப் பாடினோம்.