பந்தி முடிவில் ஒரு பாலைவனம்

கும்பகோணத்தில் அண்மையில் திறக்கப்பட்ட ஒரு சைவ உணவகத்தில் சென்ற ஞாயிறு நண்பகல் குடும்பத்துடன் சாப்பிட்டோம். சமையலில் குறை சொல்ல அதிகம் இல்லை. கத்தரிக்காய் ரசவாங்கியில் புளியும் வறுத்து அரைத்த தேங்காயும் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றன. ரசத்தைக் கொதிக்க விடாமல், நுரை கட்டியதுமே இறக்கியிருந்தார்கள். இலைச் சாப்பாட்டுக்கு 180 ரூபாய் என்பது நியாயமான விலைதான். இந்த மதிப்புரையை எழுத வைத்தது உணவுப் பட்டியலின் கடைசிப் பக்கம்.

பாயசம், அசோகா, ஐஸ்கிரீம் முதலிய ஐந்து இனிப்புகளுக்கு மேல், தங்க நிறத்தில் பெரிதாக ஓர் ஆங்கிலத் தலைப்பு இருந்தது. ‘டிசர்ட்’ என்று போட நினைத்தவர்கள் ஓர் ‘எஸ்’ எழுத்தை விட்டுவிட்டு, ‘டெசர்ட்’ என்று, அதாவது பாலைவனம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுக்கி விழும் இடம் இது. பரிமாறியவரிடம் காட்டியபோது, “சொல்றப்ப ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்றார். அவர் சொன்னதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பாலைவனத்தை முதல் அசையிலும் இனிப்பை இரண்டாம் அசையிலும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்றாலும், ஒற்றை ‘எஸ்’ கொண்ட அதே சொல் ‘கைவிட்டுப் போதல்’ என்னும் வினையாக வரும்போது அச்சு அசலாக இனிப்பைப் போலவே ஒலிக்கிறது.

எழுத்துக் கணக்குக்குக் காரணம் பிறப்பில் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘செர்வீர்’ என்றால் பரிமாறுதல். அதன் முன் ‘தெஸ்’ என்னும் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால், பரிமாறியதை மேசையிலிருந்து எடுத்து அகற்றுதல் என்று பொருள். மேசையைத் துடைத்த பிறகு வரும் பண்டத்துக்கு அந்த வினையிலிருந்தே பெயர் அமைந்தது. முன்னொட்டின் ‘எஸ்’ ஒன்று, வேர்ச்சொல்லின் ‘எஸ்’ ஒன்று, ஆக இரண்டு. பாலைவனமோ இணைத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையின் எதிர்மறையிலிருந்து, கைவிடப்பட்ட நிலம் என்ற கருத்தில் வந்தது. அங்கே ஓர் ‘எஸ்’ மட்டுமே. பாலைத் திணைக்குப் பிரிவை உரிப்பொருளாக வைத்த நமக்கு இந்தப் பொருத்தம் அந்நியமாகத் தோன்றாது. செய்ததற்குத் தக்க பலன் என்னும் பொருளிலும் ஆங்கிலத்தில் இதே ஒற்றை ‘எஸ்’ சொல் உண்டு. எழுத்தில் அது பாலைவனத்தின் இரட்டைப்பிள்ளை. ஒலியிலும் வேரிலும் இனிப்பின் உறவு.

சொல்லின் பொருளை உணவகம் செயலில் சரியாகவே கடைப்பிடித்தது; எனக்கு மனக்குறை அதில்தான். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து விருந்தில் இலை போட்டதும் முதலில் விழுவது இனிப்பு. இங்கே மோர்ச்சோறு முடிந்து, இலையை எடுத்து, மேசையைத் துடைத்த பிறகுதான் இனிப்புக்கு ஆர்டர் கேட்டார்கள். அப்போது ஐந்தில் மூன்று தீர்ந்திருந்தன. அந்தத் தலைப்பு அச்சுப்பிழைதானா என்ற ஐயம் அங்கேதான் எழுந்தது.

மிஞ்சியவற்றில் அசோகாவைக் கேட்டோம். திருவையாற்றுக்குப் பெயர் வாங்கித் தந்த இந்தப் பாசிப்பருப்பு இனிப்பை வாயில் ஒட்டாத பதத்தில் கிளறியிருந்தார்கள். விரலால் தொட்டால் நெய் கசிந்தது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்து வந்ததால் ஓரங்களில் நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. திருப்பிக் கொடுத்ததும் முகம் கோணாமல் சூடாக்கித் தந்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை செல்பவர்கள் பகல் ஒரு மணிக்கு முன்பே சென்று, இலை போடும்போதே அசோகாவைச் சொல்லிவிடுவது நல்லது.