புகையை அளந்து பார்த்து வேலை செய்யும் பட்டறை – செமினி (மூன்றரை நட்சத்திரம்)

பழைய டீசல் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மேடு ஏறினால் பின்னால் வரும் மோட்டார்காரர்கள் மூக்கைப் பொத்துவது கண்ணாடியில் தெரியும். கேட்ட கடைகளிலெல்லாம் ஒரு பாட்டிலை நீட்டி டாங்கியில் ஊற்றச் சொன்னார்கள். புரோகா போகும் வழியில் உள்ள இந்தப் பட்டறையில்தான் முதலில் புகையை அளந்தார்கள்.

கியர் போடாமல் எண்ணெய் மிதியை (ஆக்சிலரேட்டரை) முழுக்க மிதிக்கச் சொல்லி, எக்சோஸ் குழாயில் கருவியைச் செருகினார்கள். 68 காட்டியது. மலேசியாவின் 1996ஆம் ஆண்டு டீசல் புகை விதிப்படி 50 ஹெச்.எஸ்.யூ.வை (புகை எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் அளவு) தாண்டக் கூடாது. நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் முழுசாக எரியவில்லை என்றார் மெக்கானிக் தம்பி. ஏர் பில்டர் அடைத்திருந்தது. எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் இன்ஜெக்டர் முனைகள் தூவுவதற்குப் பதில் ஒழுகின. "அண்ணே, வண்டி நல்லா இழுக்கணும்னு யாரோ டீசல் பம்ப்பைக் கூட்டி வெச்சிருக்காங்க," என்று கழற்றியே காட்டினார். முன்பு வைத்திருந்தவர் கைவண்ணம்! இப்போது நிலையங்களில் ஊற்றுவது யூரோ 5 தர டீசல், கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். முந்தைய யூரோ 2எம் தர டீசலில் 500 வரை இருந்தது. எண்ணெய் எவ்வளவு சுத்தமானாலும் முனை ஒழுகினால் கரி வரத்தான் செய்யும்.

மொத்தம் 420 வெள்ளி. மறுபடி அளந்தபோது 34. புகை அளந்த இரண்டு சீட்டையும் கையில் கொடுத்தார்கள்.

ஒன்றரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? அளக்கும்போது வண்டியின் பின்புறம் ரோட்டோர நாசி லெமாக் கடையைப் பார்த்து நிற்கிறது. அந்த அக்கா பொட்டலங்களை அவசரமாக மூடினார். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. வண்டியைத் திருப்பி நிறுத்த எவ்வளவு நேரமாகும்?

தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன (வீடமைப்புப் பகுதிகள்), எம்ஆர்டி ரயில் காஜாங்கோடு நின்றுவிட்டது, காலையில் எல்லாரும் அந்த ஒரே ரோட்டில்தான். என் வேன் ஒன்றால் அங்கே காற்று மாறாது. ஆனால் பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வேன்களின் புகை நேரே பிள்ளைகள் முகத்துக்குப் போகிறது. அங்கே ஒரு வண்டி குறைந்தாலும் லாபம்தான். (அணைத்து நிறுத்துவதற்குக் காசே வேண்டாம், சக ஓட்டுநர்களே.)

சனிக்கிழமை போகாதீர்கள், மண் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். பணம் கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள்.