ஆறு மழைக்காலம் தாங்கிய வேலைகள், தாங்காத வேலைகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீடு பாதி ஓடு, பாதி தளம். முன்பக்கம் தாத்தா கட்டிய திண்ணை, தாழ்வாரம், முற்றம். பின்பக்கம் அப்பா பிற்பாடு தளம் போட்டுக் கட்டிய இரண்டு அறையும் சமையல்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்து போனதில் முன்கட்டு ஓட்டில் பாதி பறந்தது, கொல்லைத் தென்னை பதினொன்றில் எட்டு விழுந்தது, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பொங்கலுக்கு யாரையும் வரச்சொல்ல முடியவில்லை. ஓடு போனதைவிட அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை. 2019லிருந்து ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் கையில் இருக்கிற காசுக்கு ஏற்ப ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே வந்தோம். 2024 மழையோடு ஆறு மழைக்காலம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் எது நின்றது, எது வீணானது என்று எழுதுகிறேன்.

டெல்டாவில் குளிருக்காக வீட்டில் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், ஒரு போர்வை போதும். ஐப்பசியில் பிடித்து தை வரைக்கும் வீட்டுக்குள் ஏறுகிற ஈரம்தான் நம் எதிரி. தீபாவளி, கார்த்திகை, பொங்கல் என்று சொந்தக்காரர்கள் வருவதும் அந்த மூன்று மாதத்தில்தான். அதனால் வீட்டில் என்ன செய்தாலும் இரண்டே கேள்விதான் கேட்டுப் பார்ப்பேன்: ஈரத்தைத் தாங்குமா, பதினைந்து பேரைத் தாங்குமா.

நான் ரொம்ப அடிபட்ட இடம் கக்கூஸ். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. எங்கள் பக்கம் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊறிவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விடாது. கார்த்திகையில் கிணற்றில் குனிந்து மொள்ளும் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். செப்டிக் டேங்கிலிருந்து வழிகிற தண்ணீர் போகிற உறைக்குழியிலும் அதே மட்டத்துக்கு ஊற்று நிற்கும், அப்புறம் டேங்க் தண்ணீர் எங்கே போகும்? நாலு பேர் இருக்கும்வரை இது தெரியவே தெரியாது. 2021 பொங்கலுக்கு, ஊரடங்கில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் கிளம்பி வந்து வீட்டில் பதினான்கு பேர். அந்த ஜனவரியில் வழக்கத்துக்கு மாறாக மழை கொட்டி, அறுப்புக்கு நின்ற சம்பா வயலிலேயே சாய்ந்துகிடந்த நேரம். மாட்டுப்பொங்கல் அன்று காலை தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் மேலே ஏறியது. பெண்கள் பட்ட சங்கடத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த வருஷம் ஆனியிலேயே வேலையை ஆரம்பித்தோம். முதலில் லாரி வைத்து டேங்கை உறிஞ்சி எடுத்தோம். (ஆளை உள்ளே இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் குறைந்த காசு சொன்னார். தயவுசெய்து யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள், விஷவாயுவில் ஒரு நிமிஷத்தில் உயிர் போய்விடும், 2013 சட்டப்படி அது குற்றமும்கூட.) அடுத்து, குளிக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் டேங்கிலிருந்து பிரித்து, ஒரு சின்ன வண்டல் தொட்டி வழியாகக் கொல்லையில் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிட்டோம். டேங்குக்குப் போகிற தண்ணீரில் முக்கால்வாசி இதிலேயே குறைந்துபோனது. மூன்றாவதாக, புதிதாக ஒரு குழி. கொத்தனார் இருபது அடி உறை இறக்கலாம் என்றார். ஆழமாகப் போனால் மழையில் அது இன்னொரு கிணறு, அவ்வளவுதான். கொல்லையிலேயே மேடான மாட்டுக்கொட்டகைப் பக்கம், கிணற்றிலிருந்து ஐம்பதடிக்கு மேல் தள்ளி, ஆழம் குறைவாக, அகலமாக வெட்டி, சுற்றிலும் உடைகல்லும் மணலும் போட்டோம். அதற்குப் பிறகு வந்த நான்கு பொங்கலிலும் ஒரு தடவைகூட அடைக்கவில்லை. டேங்கின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலைத்துணி கட்டினோம், பத்து ரூபாய் செலவுகூட இல்லை, வீட்டுக்குள் கொசு பாதியாகக் குறைந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் துணியை மாற்றினால் போதும்.

கூரை. முன்கட்டில் நாட்டு ஓட்டைத் திரும்ப மேயத்தான் ஆசை, பிசகாமல் மேயத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மங்களூர் ஓட்டுக்கு மாறினோம். ஓட்டைத் தாங்குகிற மரச்சட்டமான ரீப்பர் முழுக்கப் புதிது. விளிம்பில் இரண்டு வரிசை ஓட்டை மட்டும் கம்பியால் ரீப்பரோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன், காற்று முதலில் பிடித்துத் தூக்குவது விளிம்பைத்தான். ஆறு வருஷத்தில் குரங்கு உடைத்ததைத் தவிர ஒரு ஓடும் நகரவில்லை. வருஷா வருஷம் ஆவணியில் ஒரு ஆளை மேலே ஏற்றிச் சருகைத் தள்ளி, உடைந்ததை மாற்றினால் சரி.

பின்கட்டுத் தளத்தில்தான் என் காசு வீணானது. 2019ல் ஐப்பசி பிறந்த பிறகு, மழை விட்ட நாலு நாள் இடைவெளியில் அவசரமாக நீர்க்காப்பு பெயிண்ட் அடித்தோம். தளத்துக்குள் ஈரம் இருக்கும்போது மேலே மூடினால் அந்த ஈரம் வெளியே வரத்தானே செய்யும்? மார்கழிக்குள் அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிட்டது. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து வேலை நின்றுபோய், கடைசியில் ஆனியில்தான் சரியாகச் செய்ய முடிந்தது: கம்பி பிரஷ் வைத்துப் பழையதைச் சுரண்டி, விரிசலைக் கீறி அகலப்படுத்திப் பூசி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் கலந்து ஒரு கை, அப்புறம் கெட்டியாக இரண்டு கை. நாலு வருஷம் நின்றது. 2024 கோடையில் மேலே ஒரு கை மட்டும் அடித்தேன். ஆனால் பெயிண்டைவிடப் பெரிய வித்தியாசம் செய்தது தண்ணீர் இறங்குகிற குழாய். இரண்டரை அங்குலக் குழாய் இருந்தது, வேப்பிலை வந்து அடைத்துத் தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதை நாலு அங்குலமாக மாற்றி, வாயில் தட்டையான ஜாலிக்குப் பதிலாகக் கூண்டு மாதிரி எழும்பி நிற்கிறதை வைத்தோம். இலை ஒதுங்கி நிற்கும், தண்ணீர் போய்விடும். தளம் ஒழுகினால் முதலில் அந்தக் குழாயைப் போய்ப் பாருங்கள், பெயிண்ட் கடைக்கு அப்புறம் போகலாம்.

முன்கட்டில் ஓட்டுக்கு அடியில் பிவிசி சீலிங் அடித்ததும் தப்பு. பார்வைக்கு அழகாக இருந்தது, வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் ஓடு எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் போய், ரீப்பர் ஒரு பக்கம் நனைந்து கறுத்துவிட்டது, எலியும் குடும்பம் நடத்த ஆரம்பித்தது. 2022ல் முழுக்கப் பிரித்துப் போட்டோம்.

கரண்ட். 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் 2019லேயே வாங்கினோம். ஒரு ஃபேன் 75 வாட் என்று நாலு பழைய ஃபேனும், ஐந்து எல்இடி விளக்கும் ஓடினால் மூன்றரை மணி நேரம் தாண்டாது. மழை ராத்திரியில் கரண்ட் போனால் விடியும்வரை வராத ஊரில் அது எந்த மூலைக்கு? பெரிய பேட்டரி வாங்கப் போய், எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னதைக் கேட்டு ஃபேனை மாற்றினேன். குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான் எடுக்கிறது. அதே அளவு பேட்டரி இப்போது ஏழு மணி நேரம் இழுக்கிறது, கரண்ட் பில்லும் குறைந்தது. முதல் பேட்டரி நாலரை வருஷம் வந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள், முற்றத்துத் தண்ணீர் ஏறினால் போச்சு, இரண்டடி உயர ஸ்டாண்டில் வையுங்கள்.

அதோடு செய்த இன்னொரு வேலையை யாரும் தள்ளிப்போடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது, மழையில் சுவர் நனைந்தால் சுவிட்சுப் பெட்டியைத் தொட்டாலே சுரீர் என்று பிடிக்கும். புதிதாக எர்த் இறக்கி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்துகிற சுவிட்சு) ஒன்று மெயினுக்குப் பக்கத்தில் போட்டோம். முதல் மழையில் அடிக்கடி விழுந்தது, எல்லாருக்கும் எரிச்சல். தேடிப் பார்த்தால் மோட்டாருக்குப் போகிற வயர் ஒரு இடத்தில் எலி கடித்துத் திறந்து கிடந்தது. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் கை கால் கழுவுவார்கள்.

குளியலறை வேலை பெரியம்மாவுக்காகச் செய்தது. எழுபத்தாறு வயது, திருவாரூரிலிருந்து வந்தால் இரண்டே நாளில் கிளம்பிவிடுவார். ஒரு தடவை வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னார்: "ராத்திரி எழுந்து கொல்லைப் பக்கம் போக பயமா இருக்குப்பா, வழுக்குது. உங்கள எழுப்பவும் மனசு வரல." அதற்கப்புறம்தான் தாழ்வாரத்தை ஒட்டியே வெஸ்டர்ன் வைத்து இரண்டாவது கக்கூஸ் கட்டினோம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், சுவரில் பிடித்து எழ ஸ்டீல் கம்பி, வழியெல்லாம் ராத்திரி எரிகிற சின்ன விளக்கு. கம்பியை வெறும் பூச்சில் திருகினால் ஒருநாள் கையோடு வந்துவிடும், செங்கல் வரைக்கும் துளைத்து ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். போன பொங்கலுக்குப் பெரியம்மா பன்னிரண்டு நாள் இருந்தார்.

ஹீட்டர் 15 லிட்டர். நாலு பேருக்குத் தாராளம், ஆனால் சென்னையிலிருந்து வருகிற மன்னை எக்ஸ்பிரஸ் ரயிலில் காலையில் ஒரே நேரத்தில் ஆறு பேர் வந்து இறங்கினால் பற்றாது, ஒவ்வொரு தடவையும் சூடாகக் கால்மணி இருபது நிமிஷம் ஆகும். பெரிய ஹீட்டர் வாங்கவில்லை. கொல்லையில் பழைய வெந்நீர் அடுப்பைச் சரிசெய்து, பாட்டியின் செப்புத் தவலைக்கு ஈயம் பூசி ஏற்றினோம். மட்டையும் பாளையும் சும்மாதானே கிடக்கிறது, ஓடு மேய்ந்த இடத்துக்கு அடியில் காயவைத்து அடுக்கினால் மழையிலும் எரியும்.

ஜன்னலுக்கு ஒட்டுகிற வலை இரண்டு வருஷத்தில் விட்டுப்போனது, அலுமினியச் சட்டம் வைத்த வலை இன்னும் நன்றாக இருக்கிறது. கதவு மழையில் ஊதி மூட வரவில்லை என்றால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். நாங்கள் இழைத்தோம், சித்திரையில் விரல் நுழைகிற இடைவெளி, அதில் பூரான் வந்தது. கோடையில் நன்றாகக் காய்ந்த பிறகு மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்தால் ஊதுவது குறைகிறது. கோரைப்பாய் மழையில் பூசணம் பிடிக்கும், ஆனால் படுக்க அதுபோல் இல்லை, அதனால் எட்டுப் பாயை பரணில் வைக்காமல் சமையல்கட்டு அடுப்புப் பக்கத்துச் சுவரில் நிறுத்தி வைக்கிறோம். இலவம்பஞ்சு மெத்தையை மழை பிடிப்பதற்கு முன் புரட்டாசி வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால்தான் விருந்தாளிக்கு வாடை அடிக்காது.

எல்லாவற்றுக்கும் ஆளைப் பிடிக்கிற நேரம் முக்கியம். ஆடி, ஆவணியில் சொல்லி வையுங்கள். புரட்டாசி பிறந்தால் சம்பா நடவு, வரப்பு வேலை என்று சித்தாள் கிடைக்கமாட்டார்கள், கொத்தனார் தனியாக வந்து என்ன செய்வார்? எங்களுக்கு இன்னும் பாக்கி இருப்பது திண்ணை. வழவழ டைல்ஸ் போட்டுவிட்டோம், சாரல் அடித்தால் வழுக்குகிறது, இப்போதைக்குச் சாக்கு விரித்திருக்கிறோம். இந்த ஆடிப்பெருக்கு முடிந்ததும் அதை உடைத்துச் சிவப்புத் தரையாகவே போட்டுவிடலாம் என்று அம்மா சொல்கிறார், கொத்தனாரிடமும் சொல்லி வைத்தாயிற்று.