ஹெட்ஃபோனில் கேட்ட ‘பத்தேட்டிக்’

பிபிசி ரேடியோ 3-இல் லண்டன் கோடை இசைவிழாவான ‘ப்ராம்ஸ்’ (Proms) நேரடி ஒலிபரப்பு, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ‘பத்தேட்டிக்’ எனப்படும் ஆறாம் சிம்பொனி. மூன்றாம் பகுதியின் அணிவகுப்பு முடிந்ததும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கைதட்டல் பொழிந்தது. பகுதிகளுக்கு இடையில் தட்டக்கூடாது என்பார்கள். அந்த வேகத்துக்குக் கை சும்மா இருக்குமா? எனக்கு அது தப்பாகவே படவில்லை.

அப்புறம் கடைசிப் பகுதி. அதன் முதல் மெட்டை எந்த வயலினும் முழுதாக வாசிப்பதில்லை. முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் சுரத்துக்குச் சுரம் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஹெட்ஃபோனில் அது இடக்காதுக்கும் வலக்காதுக்குமாகத் தாவியது. சமையலறை ரேடியோவில் இத்தனை வருடம் இதைத் தவறவிட்டிருக்கிறேன். 1893-இல் இதை அரங்கேற்றி 9 நாளில் சாய்கோவ்ஸ்கி இறந்துபோனார்.

முடிவில் தாழ்ந்த சுர நரம்புக் கருவிகளான செல்லோவும் டபுள் பாஸும் தேய்ந்து அடங்கின. யாரும் தட்டவில்லை, அறிவிப்பாளரும் பேசவில்லை. அந்த மௌனத்தை முழுசாக விட்டுவைத்ததற்காகவே மறு ஒலிபரப்பையும் கேட்கப்போகிறேன்.